பூஜ்யம் எழுதப் பயந்தவள்

குஞ்சு பொரிக்கும் கூடத்தில் அவளுக்கு வைத்திருந்த பேர் 'திரும்பப் பார்'. பூட்டிய கதவைத் திரும்பப் பார்ப்பாள். அணைத்த அடுப்பைத் திரும்பப் பார்ப்பாள். கல்யாணத்தன்று மாப்பிள்ளையையே இரண்டு தடவை சரிபார்த்தாள் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்வார்கள். பதினோரு வருஷமாக அவளை நம்பித்தான் முட்டைகள் இருந்தன.

இந்தத் தடவை பத்தொன்பதாம் நாளில் சூட்டைக் கவனிக்கும் பழைய சுவிட்ச் கையை விரித்தது. குஞ்சு வெளியே வர இன்னும் இரண்டே நாள். முதலாளி வெளியே கிளம்பும்போது, "இதுவும் போச்சுன்னா நீங்க வீட்டுலயே முட்டை வேக வச்சுக்கலாம்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

சுவிட்சுக்குப் பதிலாக, டீவி ரிப்பேர் கடை வைத்திருக்கும் தங்கை கொடுத்த உள்ளங்கையளவு மைக்ரோகண்ட்ரோலர் என்னும் குட்டிக் கணினிப் பலகையை எடுத்தாள். ஆறு தட்டு, ஆறு வெப்பமானி. அளவுகளை வைக்க அரே என்று ஒன்று: ஒட்டி ஒட்டி ஆறு பெட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே பேர், எண்ணைச் சொன்னால் பெட்டி திறக்கும். முதல் பெட்டி பூஜ்யம், கடைசிப் பெட்டி ஐந்து என்று தங்கை படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

மறக்கவில்லை, பயந்துவிட்டாள். ஒரு குஞ்சும் பொரியாத தட்டில்தான் அங்கே சாக்பீஸால் பூஜ்யம் போடுவார்கள். போட்ட கையோடு குப்பைத் தொட்டியில் கவிழ்ப்பார்கள். உள்ளே உயிர் அசையும் தட்டுக்கு அந்த எண்ணைத் தன் கையால் எழுதுவதா? பலகைக்கான நிரலில் ஒன்றிலிருந்து ஆறுவரை என்று எழுதினாள். பலகை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.

ஹீட்டர் அணைய வேண்டிய எல்லை முப்பத்தேழரை டிகிரி என்று வைத்திருந்தாள். மத்தியானம் திரையில் அந்த எல்லையே முப்பத்தெட்டைத் தாண்டியிருந்தது. யாரும் தொடவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தாள். முப்பத்தொன்பது. ஹீட்டர் அணையவேயில்லை. கதவுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்றுகூடப் பார்த்தாள். ஒருவருமில்லை, அதுதான் இன்னும் மோசம். ஹீட்டரைப் பிடுங்கிவிட்டுத் தங்கைக்குப் போன் போட்டு, எழுதியதை வரிவரியாக வாசித்தாள்.

"ஆறாம் நம்பர் பெட்டியே கிடையாதுக்கா. அங்க எழுதினா பக்கத்து வீட்டுக்குள்ள போய் எழுதிரும். அரேக்கு அடுத்து என்ன வச்சே?"

"அந்த எல்லையத்தான்" என்றாள். ஆறாவது தட்டு ஹீட்டருக்கு ஒட்டியது. மற்ற எல்லாவற்றையும்விடச் சூடானது. அதன் சூடே எல்லையாகிவிட்டால் மற்ற தட்டுகள் எப்போதும் அதற்குக் கீழேதான். ஹீட்டர் ஏன் அணையப்போகிறது?

பூஜ்யம் முதல் ஐந்துவரை என்று மாற்றினாள். எல்லை முப்பத்தேழரையில் அசையாமல் நின்றது. அதற்குப் பிறகும் நாற்பது தடவை திரும்பப் பார்த்தாள்.

இருபத்தொன்றாம் நாள் காலை முதல் தட்டு கீச்சென்றது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஐந்தாவது கொஞ்சம் தயங்கிவிட்டுச் சேர்ந்துகொண்டது. ஆறாவது தட்டின் மேல் காதை வைத்தாள். காதை மாற்றி வைத்தாள். உள்ளே ஒரு கீச்சும் இல்லை.

முதலாளி வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. சாக்பீஸ் அவள் கையில் இருந்தது. கை மட்டும் எழவில்லை.