பேச்சியம்மா கேட்காத கேள்வி

அட்டன் பட்டணத்தில் தொழிற்சங்கத் தலைவர் பழனியாண்டி ஐயா வீட்டுக் குசினியில் பேச்சியம்மா பதினாறு வருஷம் சோறாக்கினாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில், புருஷன் செத்த கையோடு மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். காக்கிச்சட்டையைக் கண்டால் போதும், விறகுக் கொட்டிலுக்குள் ஓடி ஒளிந்துகொள்வாள். பிரஜாவுரிமைக் கடுதாசி இல்லாதவர்களை, இந்தியாவிலிருந்து களவாக வந்த கள்ளத்தோணி என்று பிடித்துப்போகிறார்களாமே!

அவளிடம் கடுதாசி இல்லையா? இல்லை. அதுதான் கொடுமை! ஐம்பத்தொன்றில், பிரஜாவுரிமைக்கு மனுப் போடக் கடைசி வாரம், அந்த வீட்டு முன்கூடத்தில்தான் சுற்றுவட்டாரமே உட்கார்ந்து மனு எழுதியது. அத்தனை பேருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவள் இவள். சங்கத்துக் கிளாக்கர் கேட்கத்தான் செய்தார்: "ஒங்களுக்கு எழுதலையாக்கா?"

"எனக்கு ஐயா பாத்துக்குவாங்க தம்பி," என்றாள் பெருமையாக.

பெரிய பெருமை! அதையே பதின்மூன்று வருஷம் நினைத்து நினைத்து மருகினாள். ஐயா போட்டாரா, இல்லையா? கேட்க வாய் வரவில்லை. தன்னை நம்பவில்லை என்று நினைத்து வேலையை விட்டு நிறுத்திவிட்டால்? திரும்பிப் போகத் தோட்டத்து லயத்து அறையில்கூட இடமில்லை.

அறுபத்துநாலு ஐப்பசியில் ரேடியோ சொன்னது: இந்த நாட்டு அரசாங்கமும் இந்திய அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுவிட்டதாம், தோட்டத்துச் சனத்தில் பிரஜாவுரிமை இல்லாத லட்சக்கணக்கான பேர் இந்தியாவுக்குப் போக வேண்டுமாம். மறுநாள் காலை ஐயா வீட்டு வாசல் கொள்ளாத கூட்டம். பலர் கையில் மனுவுக்குப் பதிலாக வந்த பழைய கடிதம். எதுவுமே இல்லாதவர்களின் பெயரை, இந்தியாவுக்குப் போக வேண்டியவர்கள் என்று கிளாக்கர் தனியாக எழுதிக்கொண்டிருந்தார். பேச்சியம்மா தேத்தண்ணித் தட்டத்தைக் கீழே வைத்தாள். இனித் தாங்காது என்று கேட்டேவிட்டாள்.

"ஐயா... எம் மனு என்னாச்சுங்க?"

ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஒன் மனுவா? ஒந்தோட்டத்துலயே போட்டிருப்பாங்கன்னுல்ல இருந்தேன்!"

"நான் தோட்டத்த விட்டு வந்து பதினாறு வருஷமாச்சுங்களே ஐயா."

பாவி மனுஷன், ஊருக்கெல்லாம் வாதாடியவர், தனக்குச் சோறு போட்டவளை மறந்துபோனார். அவள் முகத்தைப் பார்க்காமல், "பேச்சியம்மா பேரயும் அதுல எழுதிக்கப்பா," என்றார்.

"இந்தியாவுல ஒங்களுக்கு எந்த ஊரு அக்கா?" என்றார் கிளாக்கர்.

"தெரியாதே தம்பி. நான் மஸ்கெலியாவுல பொறந்தவ."

"ஏதோ ஒண்ணு, திருச்சி ஜில்லான்னு போடு," என்றார் ஐயா.

கிளாக்கர் எழுதினார்.

"அங்க எனக்கு யாருங்க ஐயா இருக்கா?" என்று கேட்டுப் பேச்சியம்மா அழுதேவிட்டாள்.