ஓடாத வாகனங்களை எண்ணியவர்

கொழும்பு வெள்ளவத்தையில் ஸ்ரான்லியைத் தெரியாதவர்கள் குறைவு. தெரியாமல் இருக்க அவர் விடமாட்டார். காலி வீதியில் மரக்கறிக் கடைக்காரனிடமும், தான் போக்குவரத்து ஆலோசகர், கொள்ளுப்பிட்டியில் ஒஃபீஸ், தன் கையெழுத்து இல்லாமல் ஒரு பாலம் எழும்பாது என்று சொல்லிவிட்டுத்தான் வெண்டிக்காயை முறித்துப் பார்ப்பார். பையோடு பக்கத்தில் நிற்கும் மனைவி யூஜினா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள்.

கொட்டாஞ்சேனைப் பக்கமிருந்து வத்தளைக்கு ஒரு மேம்பால வீதி போட யோசித்தபோதுதான் ஸ்ரான்லிக்கு நல்ல காலம் பிறந்தது. ஒரு கொம்பனி கடன் வாங்கிக் கட்டும். வாகனக்காரரிடம் கட்டணம் வாங்கிக் கடனை அடைக்கும். எதிர்பார்த்ததைவிட வாகனம் குறைந்தால், குறைகிற காசை அரசாங்கம் கொடுக்கும். ஒப்பந்தம் அப்படி. ஒரு நாளைக்கு எத்தனை வாகனம் ஏறும் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால்தான் வங்கி கடன் தரும். அந்த ஒருவர் ஸ்ரான்லி.

வாகனம் எண்ணுவதற்கு அவர் ஆட்களை நிறுத்தியது கொச்சிக்கடை அந்தோனியார் பெருநாள் கிழமையில். நாடே திரண்டு வந்து கொட்டாஞ்சேனை வீதிகளை அடைத்துக்கொள்கிற வாரம் அது.

"இது பெருநாள் சனம் எல்லோ? மற்ற நாளில இவ்வளவு வராதே," என்றாள் யூஜினா.

"உமக்கு இது விளங்காது. பாங்க்காரன் பெரிய நம்பர்தான் கேக்கிறான்."

வீதி எழும்பியது. திறப்பு விழாவில் ஸ்ரான்லி கோட்டுக்குள் வியர்த்தபடி முன்வரிசையில் இருந்தார். அதற்குப் பிறகு மேலே காகங்கள்தான் கூடுதலாகப் போய்வந்தன. கட்டணம் வாங்கும் கூண்டுகளுக்குள் வேலைக்கிருந்த பிள்ளைகள் ஃபோன் பார்த்துப் பொழுதைப் போக்கினார்கள். பஸ்ஸும் லொறியும் பழையபடி கீழ் வீதியிலேயே முண்டியடித்தன. குறைந்த காசை அரசாங்கம் கொம்பனிக்குக் கட்டியது. அதாவது, மேலே ஒருநாளும் ஏறாத சனம் பால்மாவுக்கும் பருப்புக்கும் கொடுத்த வரியில் கட்டியது. ஸ்ரான்லியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கணக்கு ஏன் பிழைத்தது என்று ஆராய நிபுணர் தேடியபோது அகப்பட்டவரும் அவரேதான். இந்த முறை சம்பளம் முந்தியதைவிடக் கூட.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து, வத்தளையில் யூஜினாவின் அண்ணன் கிளெமென்ற் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். கிளெமென்ற் லொறி வைத்திருக்கிறவர், அதிகம் கதைக்கமாட்டார். இறால் கறியோடு சோற்றைக் குழைத்தபடி ஸ்ரான்லி தன் அறிக்கையை விளக்கினார்.

"பிழை என்ர கணக்கில இல்லை மச்சான். சனத்திலதான் பிழை. எங்கட ஆக்களுக்கு நேரத்தின்ர பெறுமதி தெரியாது. கொஞ்சச் சல்லி மிச்சம் பிடிக்க வெயிலில காய்ஞ்சுகொண்டு கிடப்பாங்கள். பிச்சைக்காரப் புத்தி."

"நீங்கள் இண்டைக்கு எந்தப் பாதையால வந்தனீங்கள்?" என்று கேட்டார் கிளெமென்ற்.

ஸ்ரான்லி ஒரு இறாலின் கோதை உரிப்பதில் மும்முரமானார்.

"கீழ் வீதியால," என்றாள் யூஜினா. "எப்பவும் கீழாலதான் அண்ணா. மேல ஏறுவம் எண்டு நான் கேட்டனான். சும்மா ஏன் காசைக் கொட்டுவான் எண்டு சொன்னவர்."

கிளெமென்ற் சிரித்திருந்தாலாவது ஸ்ரான்லிக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. கறிக் கோப்பையை மரியாதையாக மச்சான் பக்கம் தள்ளிவைத்தார்.

திரும்பும் வழியில், அதே கீழ் வீதியில், இரண்டு கொள்கலன் லொறிகளுக்கு நடுவே கார் நின்றுவிட்டது.

"ஆக்களுக்கு முன்னால என்னைக் கேவலப்படுத்திப்போட்டீர்," என்றார் ஸ்ரான்லி. "ஞாயிற்றுக்கிழமை நெரிசல் இல்லை எண்டுதான் இதால வந்தனான். நான் அறிக்கையில எழுதினது மற்ற ஆக்களைப் பற்றி."

யூஜினா திரும்பி அவருடைய முகத்தைப் பார்த்தாள். அதில் கள்ளம் ஒன்றும் இல்லை. பொய்க்காரன் என்றாலும் கெட்டிக்காரன் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள்; உள்ளூர அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இந்த மனுசனோ தான் எழுதியதை முழுசாக நம்புகிறார். அதற்குப் பிறகு அவரோடு வாதாடுவது அவளுக்கு வீண் வேலையாகப் பட்டது.

கட்டணத்தைக் கூட்டினால் வருமானம் கூடும் என்று அறிக்கை சொன்னது. கூட்டினார்கள். ஏறிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச வாகனமும் கீழே இறங்கிவிட்டது. ஸ்ரான்லியை இப்போது ஒரு சுரங்கப் பாதைக்கு வாகனம் எண்ண எடுத்திருக்கிறார்கள். யூஜினா அண்ணன் வீட்டுக்கு பஸ்ஸில் போய்வருகிறாள், தனியாக.