வாடைக்கு ஒரு கட்டம்

இங்கே புண்ணைப் பற்றி எழுதுகிற தாளில் வாடைக்கென்று தனியாக ஒரு கட்டம் இருக்கிறது. ஜெர்மனியில் நான் செவிலியாக வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் ஒருவருக்குக் கட்டு மாற்றினால், புண்ணின் நீளம், அகலம், நிறம் எல்லாம் குறித்துவிட்டு, அது எப்படி நாறுகிறது என்றும் எழுத வேண்டும். வந்த முதல் வாரம் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் எனக்குக் கூச்சமாகிவிட்டது. ஒருவர் நாறுகிறார் என்று அவர் எதிரிலேயே உட்கார்ந்து எழுதுவதா? அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். காலில் சர்க்கரைப் புண். அறைக்குள் நுழையும்போதே குடலைப் புரட்டியது. நான் 'இல்லை' என்று எழுதினேன். எங்கள் தளத்தின் தலைமைச் செவிலி ஹைகே அதைப் படித்துவிட்டு, "வாடை இல்லையா?" என்று கேட்டார். "இல்லை, அவர் ரொம்ப நல்ல மனிதர்" என்றேன். "நல்ல மனிதர்தான். நான் காலைப் பற்றிக் கேட்டேன்" என்றார் ஹைகே. பிறகு குனிந்து, புண்ணுக்கு அருகே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்து, என் எழுத்தை அடித்துவிட்டு, 'இனிப்பு, கடுமை' என்று எழுதினார். இனிப்பு வாடை வந்தால் புண்ணில் கிருமி ஏறிவிட்டது என்று பொருள்.

உன்னைத் தூண்டுவது எது என்று எழுதிக் கொடுக்கச் சொல்வதும் இந்த நாட்டு வழக்கம். வேலைக்குக் கேட்பார்கள், படிப்புக்குக் கேட்பார்கள். 'மோட்டிவட்ஸியோன்ஸ்ஷ்ரைபன்' என்று அந்தக் கடிதத்துக்குப் பெயர். சொல்லி முடிப்பதற்குள் இருக்கிற தூண்டுதலும் பாதி போய்விடும். நாங்கள் எட்டுப் பெண்கள் சென்னையில் ஓர் ஏஜென்சி வழியாக வந்தோம். அந்தக் கடிதத்தை ஏஜென்சியே ஜெர்மனில் எழுதிக் கொடுத்தது. 'என் தந்தை நோயுற்று என் கைகளில் உயிர்விட்டார். அன்றே செவிலியாவது என்று முடிவு செய்தேன்.' எட்டுப் பேருக்கும் தந்தை அதே வாக்கியத்தில் உயிர்விட்டிருந்தார், ஊர் மட்டும்தான் வேறு. 'இறந்தார்' என்பதற்கான ஜெர்மன் சொல் எனக்கு அப்போதே தெரியும். "சார், எங்க நைனா உயிரோட கீறாரு" என்றேன். "அதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தாம்மா. படிக்கிறவங்களுக்கு மனசு உருகணும், அவ்ளோதான்" என்றார் அந்த ஏஜென்சி ஆள், கையிலிருந்த டீயைக் கீழே வைக்காமல். ஏமாந்துபோனேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். நினைத்தால் இன்றும் குமட்டுகிறது.

என்னை வேலைக்கு எடுக்கும்போது படித்த அந்தக் கடிதத்தை ஹைகே மறக்கவே இல்லை. நவம்பரில் இறந்தவர்களை நினைக்கும் ஞாயிறு ஒன்று இங்கே வரும். நான் வந்த வருடம் இல்லத்தில் காலமானவர்களுக்காக உணவுக்கூடத்து மேசையில் மெழுகுவத்திகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஹைகே கடைசியாக ஒன்றை ஏற்றி, என் தோளைத் தொட்டு, "இது உன் அப்பாவுக்கு" என்றார். அந்த நேரம் பார்த்து என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுக்காமலே தெரியும், ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் கூப்பிடுகிறவர் நைனாதான். போனைப் பையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவருக்காக எரிந்த மெழுகுவத்தியைப் பார்த்தபடி நின்றேன். கண்ணீரைத் துடைத்துக்கொள்ள ஹைகே எனக்குக் காகிதக் கைக்குட்டை கொடுத்தார். அது துக்கம் என்று நினைத்திருப்பார்.

இந்த வருடம் புண் பராமரிப்பில் சிறப்புப் பயிற்சிக்கு எங்கள் இல்லத்திலிருந்து ஒரே ஒருவரை அனுப்புவதாக அறிவித்தார்கள். மூன்று வருடமாக நான் ஆசைப்பட்ட இடம் அது. மற்றவர்கள் முகம் சுளிக்கிற கட்டுகளை நான் கேட்டு வாங்கி மாற்றுவேன், அது எல்லோருக்கும் தெரியும். "வெள்ளிக்கிழமைக்குள் கடிதம் கொடு. உன் அப்பாவைப் பற்றி எழுதியதை அப்படியே வைத்துக்கொள். அதைவிடப் பெரிய காரணம் யாரிடமும் இருக்காது" என்றார் ஹைகே. அப்படியே எழுதினால் இடம் கிடைக்கும். உண்மையை எழுதினால் இடம் மட்டுமில்லை, பொய்க் கடிதம் கொடுத்து வந்தவள் என்று வேலையும் போகலாம். திங்கள் முதல் புதன் வரை மாலை மாலை உட்கார்ந்து பார்த்தேன். நைனாவை இரண்டாம் முறை சாகடிக்கக் கை வரவில்லை. சரி, உண்மையையே எழுதலாம் என்றால், அது என்ன என்பதே எனக்குத் தெரியவில்லை.

திருவள்ளூர் பக்கம் நர்சிங் படித்தபோது கல்லூரிக்கு ஊக்கப் பேச்சாளர் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். ஏப்ரல் வெயிலில் கோட்டு. கண்ணை மூடு, அம்மாவின் முகத்தை நினை, அவள் கையில் காய்த்த காய்ப்பை நினை என்று மைக்கில் அழுதார். பின்னணியில் புல்லாங்குழல் வேறு. பாதி வகுப்பு தேம்பியது. எனக்கு அந்த ஆளின் ஈரக் குரலைக் கேட்டு உடம்பெல்லாம் கூசியது. லட்சியத்தைக் காகிதத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டச் சொன்னார். 'சேவை' என்று எழுதி விடுதிக் கண்ணாடியில் ஒட்டினேன். இரண்டே நாளில் அது உதிர்ந்து சோப்பு டப்பாவுக்குள் விழுந்து ஊறிப்போனது. நான் மறுபடி ஒட்டவில்லை. ஆனாலும் படித்தேன், தேறினேன். அம்மா முகமும் இல்லை, சேவையும் இல்லையென்றால் என்னை எது தள்ளியது?

எங்கள் வீடு ஆரம்பாக்கத்தில். அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். நைனாதான் முதன்முதலில் காலை ரயிலேறி கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போனவர். இரும்பை உருக்கி வார்க்கும் ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஆயுத பூஜையன்று குடும்பத்தோடு வரச் சொல்வார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நாங்களும் பொரி கடலைக்காகப் போவோம். அன்று எந்திரம், தராசு, சுவிட்சுப் பலகை, வாசலில் நிற்கிற லாரி என்று எதையும் விடாமல் சந்தனம் குங்குமம் வைத்திருப்பார்கள். நான் பத்தாவது படித்த வருடம் சுவரில் இருந்த முதலுதவிப் பெட்டிக்கும் மாலை போட்டிருந்தார்கள். அதன் சிவப்புச் சிலுவைக்கு நடுவில் வட்டமாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து, உருகிய இரும்பு ஒரு சொட்டு நைனாவின் ஷூவுக்குள் போய்விட்டது. பெட்டியின் சாவி சூப்பர்வைசரிடம். அவர் வருவதற்குள் யாரோ புண்ணில் கிரீஸைத் தடவிவிட்டார்கள். அப்புறம் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள்.

"உள்ள இன்னா இருந்துது நைனா?" என்று கேட்டேன்.

"கற்பூரம், ஊதுவத்தி, போன வருசத்துப் பொரி" என்று சொல்லிவிட்டு நைனா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு அருவருப்பாக இருந்தது.

லீவு போட்டால் ஒப்பந்தக்காரர் வேறு ஆளை வைத்துவிடுவார். நைனா அம்மாவின் பழைய புடவைக் கிழிசலைக் காலில் சுற்றிக்கொண்டு அதே ஷூவில் வேலைக்குப் போனார். எங்களுக்கு இருந்தது ஒரே அறை. நான்காம் நாள் வாடை கிளம்பியது. பத்தாம் நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே குழாயடியில் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். நைனா பார்த்தார். மறுநாள் தன் தட்டை எடுத்துக்கொண்டு அவரே குழாயடிக்குப் போனார். "நீ உள்ள குந்திக்கினு துன்னு கண்ணு. எனக்கே இந்த நாத்தம் புடிக்கல" என்றார்.

அடுத்த நாள் அந்தக் கட்டை அவிழ்த்தது நான். அப்பா மேல் உயிரையே வைத்திருக்கிற பெண் என்று தெருவே சொன்னது. பொய். எனக்கு வந்தது பாசம் இல்லை. அந்தத் துணியை இனி ஒரு நிமிடம் பொறுக்க முடியாது என்கிற அருவருப்பு. அதைக் கட்டியவர்கள் மேல், மாலை போட்ட பெட்டி மேல், தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய என் மேல், எல்லார் மேலும் அருவருப்பு. உப்புப் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஊற்றி, துணி ஊறியதும் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தேன். அடியில் பச்சை நிறத்தில் சீழ். எழுந்து ஓடி வேலியோரம் வாந்தி எடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்து மிச்சத்தையும் உரித்தேன். அன்றே கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். இரண்டு விரல் போனது, கால் தப்பியது. "பொண்ணுன்னா இப்பிடி இருக்கணும்" என்று வந்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். நானும் மறுக்காமல் வாங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் நைனா வீடியோவில் வந்தார். இப்போது அவர் புதுவாயல் பக்கம் தகடு வெட்டும் ஒரு பட்டறைக்குப் போகிறார். வேண்டாம் என்றால் கேட்பதில்லை, "ஊட்ல குந்திக்கினு இன்னா பண்றது?" என்பார். "நாஷ்டா துன்னியாம்மா?" என்றார். எந்த நேரத்தில் பேசினாலும் அவருக்கு முதல் கேள்வி அதுதான். ஆனால் அன்று போன் இடது கையில் இருந்தது.

"நைனா, சோத்துக் கைய காட்டு."

"ஒன்னியும் இல்லம்மா. தகடு லைட்டா கீச்சிடுச்சி."

"காட்டுன்னு சொல்றேன்ல!"

கை மேலே வந்தது. உள்ளங்கையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு துணி. அது முதலில் என்ன நிறமாக இருந்தது என்று சொல்ல முடியாது.

"எத்தினி நாளா கட்டிக்கினு கீற?"

"ஒரு வாரம் இருக்கும். பேஜாரு பண்ணாத எஸ்தரு. ஷிப்ட்டு கீது, ஞாயித்துக்கெழம போயி காட்டிக்கினு வந்துடறேன்."

போனை வைத்தேன். தொண்டை வரைக்கும் அதே புரட்டல். பத்தாவது படித்தபோது வேலியோரம் வந்ததே, அதேதான். உடனே கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். மூன்று நாள் வராதது அரை மணி நேரத்தில் வந்துவிட்டது. என் தந்தை உயிரோடு இருக்கிறார் என்பது முதல் வரி. அவர் இறந்ததாகச் சொல்லும் கடிதத்தில் தெரிந்தே கையெழுத்திட்டேன் என்பது இரண்டாவது. பிறகு எழுதினேன்: எனக்குச் சேவை மனப்பான்மை அதிகம் கிடையாது. மூடி வைத்த புண்ணைக் கண்டால் எனக்கு அருவருக்கிறது. அதை மூடி வைத்தவர்களை நினைத்தால் இன்னும் அருவருக்கிறது. அருவருத்தால் நான் வாந்தி எடுப்பேன், ஆனால் திரும்பி வந்துவிடுவேன். என்னை இதுவரை நகர்த்தியது இது மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை ஹைகே அதை நின்றபடியே படித்தார். இரண்டு முறை படித்தார். "அப்படியென்றால் நான் மெழுகுவத்தி ஏற்றியது யாருக்கு?" என்று கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. மூக்கு லேசாகச் சுருங்கியது, அவ்வளவுதான். அந்தச் சுருக்கம் என்னவென்று எனக்குத் தெரியாதா? கடைசியில், "இந்தக் கடிதத்தைப் பயிற்சிக்கு அனுப்புகிறேன். பழைய கடிதத்தைப் பற்றியும் அலுவலகத்தில் சொல்லியாக வேண்டும். அவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது" என்றார். நான் தலையாட்டிவிட்டுக் கட்டு மாற்றப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை. அலுவலகத்திலிருந்து இன்னும் ஒரு தகவலும் இல்லை. கட்டு மாற்றும் அறையில், அடுத்து எழுத வேண்டிய தாள் முன்னால் கிடக்க, இடைவேளையில் வீட்டுக்குக் கூப்பிட்டேன். நைனா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. "நாளிக்கிப் போறேன்" என்றார். அம்மாவைக் கூப்பிட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, இங்கிருந்தே ஒவ்வொன்றாகச் சொல்லி அவிழ்க்க வைத்தேன். துணி வந்தது. கோணலாகக் கிழிந்த காயம், ஓரமெல்லாம் வீக்கம். அந்தப் போனில் நிறம் சரியாகத் தெரியவில்லை. வெளிச்சத்தில் காட்டச் சொன்னால் மஞ்சள், தள்ளிக் காட்டினால் பச்சை.

"அம்மா, கிட்ட போயி மோந்து பாரு."

"இன்னாடி கேக்கற?"

"நாத்தம் எப்பிடி கீது? இனிப்பாட்டம் கீதா?"

நைனா சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "அவள இன்னாத்துக்கு மோந்து பாக்க சொல்ற?" என்றார். அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நாத்தமெல்லாம் ஒன்னியும் இல்ல. உங்க நைனா நல்லா கீறாரு" என்றாள்.

முதல் வாரம் நான் எழுதிய 'இல்லை' அது. "கைய காட்டு நைனா, இன்னும் கிட்ட" என்றேன். உள்ளங்கை திரை முழுக்க வந்தது. என்னை அறியாமல் குனிந்தேன், மூக்கு போனின் கண்ணாடியில் இடித்தது. கிருமிநாசினி வாடைதான் வந்தது, என் கையிலிருந்து.