நான் குறுக்கிய காது

இப்போது நடக்கிற யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், வைகாசி மாதம். பாளையங்கோட்டையில் நான் படித்து வளர்ந்த பெண்கள் பள்ளிக்கூடத்திலேயே சித்திர உபாத்தினியாகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. சென்னையில் இரண்டு வருஷம் படித்து, சர்க்கார் நடத்தும் சித்திரப் பரீட்சையில் தேறித் திரும்பியிருந்தேன். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய மண்டபத்தில் அதுவரை துரைமார்களின் படங்களே தொங்கின. இந்தப் பள்ளிக்கூடத்தைத் தாங்கி நின்ற பெண்களின் படங்களும் அங்கே இருக்க வேண்டும் என்று தலைமை உபாத்தினியம்மாளுக்கு ஓர் எண்ணம் வந்தது. நான்கு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். முதல் உபாத்தினி ஒருவர், வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவர் ஒருவர், மருத்துவச்சி ஒருவர். நான்காவது ஆள் எங்கள் போர்டிங் சமையற்காரி.

சமையற்காரிக்குப் படமா என்று சிலர் முணுமுணுத்தார்கள். நான் முணுமுணுக்கவில்லை. நான் போர்டிங்கில் இருந்தபோது ஒரு வருஷம் வாந்திபேதி வந்து, மற்ற வேலைக்காரர்கள் எல்லாரும் அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். அவள் ஒருத்திதான் போகவில்லை. தண்ணீர் காய்ச்சினாள், கஞ்சி வைத்தாள், துணி அலசினாள், எங்களைத் தூக்கி உட்காரவைத்து வாயில் ஊற்றினாள். அப்படிப் பிழைத்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி. எல்லாரும் அவளைச் சித்தி என்றே கூப்பிடுவோம்.

சித்திக்குக் காது தோளைத் தொடும். எங்கள் பக்கத்தில் பெண்குழந்தை பிறந்ததும் காதைக் கீறிப் பஞ்சு வைத்து, பிறகு குணுக்கு என்கிற ஈயக் குண்டுகளை மாட்டி, மாதக்கணக்கில் பைய இழுத்து வளர்ப்பார்கள். வளர்ந்த காதில் பொன் பாம்படம் ஏறும். சித்தி இளம் வயதிலேயே விதவையானவள். பாம்படம் போய்விட்டது, வளர்த்த காது மட்டும் பெரிய துவாரத்தோடு வளையம் போல வெறுமையாகத் தொங்கிற்று. சித்தி காதில் ஊஞ்சல் கட்டலாம் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். “கட்டுட்டி, ஒன் மாப்பிள்ளைய உக்காத்தி வச்சு ஆட்டுதேன்” என்பாள்.

எனக்கும் அம்மா காது வளர்த்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் அந்த வழக்கம் நாகரிகமற்றது என்று நினைத்தார்கள். என்னுடைய பதினோராவது வயதில் ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக் குட்டைக் காதாக்கினார்கள். அன்று என் தலையை மடியில் பிடித்துக்கொண்டிருந்தவள் சித்திதான். “ராத்திரி பூரா முழிச்சிருந்து ஒங்கம்ம வளத்த காதுல்லாட்டி இது” என்று ஒரு தடவை சொன்னாள். நான் அழவில்லை. கண்ணாடியில் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். தையல் தழும்பு தெரியாதபடி காதின் மேல் முடியை இறக்கி வாரக் கற்றுக்கொண்டேன்.

படத்துக்கு உட்கார முதலில் சித்தி சம்மதிக்கவில்லை. பிறகு ஒரு நிபந்தனை சொன்னாள். அதற்குக் காரணம் கொழும்பிலிருந்த அவளுடைய மகள்.

சித்தியின் புருஷன் செத்த வருஷம், கொழும்பில் கடை வைத்திருந்த அவன் தமையன் வந்து, நாலு வயதுப் பிள்ளையை நன்றாக வளர்ப்பதாகச் சொல்லிக் கூட்டிப்போனான். பிறகு உன்னையும் அழைத்துக்கொள்கிறேன் என்றான். அழைக்கவில்லை. தாய் செத்துப்போனாள் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டான். கொழும்பிலிருந்து திரும்பிய எங்கள் கிறிஸ்தவ சபைப் பெண் ஒருத்தி மூலமாக, மகள் கலியாணமாகிக் குழந்தையோடு இருப்பதும், பெரியப்பன் காலமாகிவிட்டதும் அந்த வருஷந்தான் தெரியவந்தது. சித்திக்கு எழுதப்படிக்கத் தெரியாது. அவளுக்காக நான் காகிதம் எழுதினேன். ஒரே ஒரு பதில் வந்தது. தாய் என்று சொல்லிக்கொண்டு யார் வேண்டுமானாலும் எழுதலாம், படம் ஒன்று அனுப்புங்கள், பார்த்தால் எனக்குத் தெரியும், உண்மையானால் உடனே புறப்பட்டு வருகிறேன் என்று இருந்தது.

போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று சித்திக்குப் பயம். “நீ கையால எழுதுததுதான். அதுல ஒரு தோசமும் இல்ல. மண்டபத்துக்கு ஒண்ணு எழுது, எம்பிள்ளைக்குச் சின்னதா ஒண்ணு எழுது” என்றாள். அதுதான் நிபந்தனை.

சும்மா உட்காரச் சொன்னால் முதுகு வலிக்கும் என்று வெங்காயத்தை மடியில் போட்டு உரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர், என் கண்ணிலும் தண்ணீர். மூக்கை அரிசி புடைக்கிற சுளவு மாதிரி அகலமாக எழுதிவிடாதே என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு எதையும் பட்டியல் போட்டுச் செய்கிற பழக்கம். ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் இரண்டு பத்தி பிரிப்பேன். ஒன்றில் உள்ளபடி, மற்றதில் திருத்தம். உருவப்படம் எழுதுகிறவன் குறையை மறைத்துக் கொடுக்க வேண்டும் என்றுதான் சென்னையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சித்திக்கு நான் எழுதியது இன்னும் அந்த நோட்டில் இருக்கிறது. இடது புருவத்தில் தழும்பு, மங்கலாக்கவும். முன்பல்லில் இடைவெளி, வாய் மூடியிருக்கட்டும். காது நீளம், சாதாரணக் காதாக எழுதவும்.

யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. தலைமை உபாத்தினியம்மாள் காதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மண்டபத்துக்கு வருகிறவர்கள் அவளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று நினைத்தேன். அவளுக்கு மரியாதை செய்வதாகவே நினைத்தேன். பெரிய படத்திலும் சின்னப் படத்திலும் என்னுடைய காதைப் போல இரண்டு குட்டைக் காதுகளை எழுதினேன்.

படத்தைக் காட்டினபோது சித்தி வெகுநேரம் பார்த்தாள்.

“நல்லாருக்கு. கலியாண வீட்டுக்குப் பொறப்பட்ட மாதிரி இருக்கேன்” என்றாள். பிறகு கை தன்பாட்டில் காதுக்குப் போயிற்று. “காது?”

“படத்துக்கு இதுதான் லட்சணம், சித்தி.”

“அப்பிடியா. சரி.”

ஆடி மாதம் சின்னப் படத்தைப் பலகைக்குள் வைத்துக் கட்டிக் கொழும்புக்கு அனுப்பினேன். தினமும் தபால்காரன் வரும் நேரத்துக்குச் சித்தி அடுப்பை விட்டு வாசலுக்கு வந்து நிற்பாள்.

ஆவணியில் கட்டு திரும்பி வந்தது. உள்ளே என் படமும் ஒரு காகிதமும் இருந்தன. சித்தி சுளவில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வாசிக்கச் சொன்னாள். முதலில் எனக்குள் வாசித்துப் பார்த்தேன். மாற்றி வாசித்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளது உள்ளபடி வாசித்தேன்.

படத்திலிருக்கிற அம்மாளுக்கு நல்ல முகம். ஆனால் அவர் என் தாயார் அல்ல. என் தாயார் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. அவள் காது ஒன்றுதான் ஞாபகம் இருக்கிறது. அந்தத் துவாரத்தில் கையை நுழைத்துப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவேன். இந்தப் படத்தில் அது இல்லை. தயவுசெய்து இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

சித்தி சுளவைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தன் காதைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது.

“நாலு வயசுப் பிள்ளட்டி. மறக்கல பாத்தியா.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அன்னைக்கே நான் அழுத்திக் கேட்டிருக்கணும். படிச்ச பிள்ள எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன். எம்மேலதான் தப்பு” என்றாள். என்னை அவள் கோபித்திருந்தால் எனக்கு இத்தனை வருஷம் அது உறுத்தியிராது.

மறுநாளே புதுக் கித்தான் கட்டினேன். இந்தத் தடவை நோட்டு இல்லை. “காத நல்லா எழுது. மூக்கு எப்பிடிப் போனாலும் போவுது” என்று சொல்லி வெளிச்சத்துக்குத் திரும்பி உட்கார்ந்தாள். பிறந்தது முதல் எங்கள் பக்கத்துப் பெண்களிடம் பார்த்த காதுகளை, என் காதே ஒரு காலத்தில் இருந்தபடியான காதுகளை, அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். கீழ் விளிம்பு தேய்ந்து மினுமினுப்பாக இருந்தது. இடது காது வலதை விட ஒரு விரற்கடை அதிகம் நீண்டிருந்தது. பிள்ளை அந்தப் பக்கந்தான் தூங்கும் என்று சொன்னாள். அதையும் எழுதினேன். தழும்பை எழுதினேன், பல் இடைவெளியை எழுதினேன்.

எழுதி முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் எண்ணெய்ச் சாயம் உலரவில்லை. உலராமல் கட்டினால் எல்லாம் ஒட்டிப் பாழாகிவிடும். சமையலறை அடுப்புக்குத் தள்ளி, புகை படாத மூலையில் நிறுத்தி உலர்த்தினோம். ஐப்பசி முதல் வாரத்தில்தான் தபாலில் சேர்த்தேன். நானும் ஒரு காகிதம் வைத்தேன். முதல் படம் தவறு, இதுதான் சரி என்று மட்டும் எழுதினேன். யாருடைய தவறு என்று எழுதவில்லை.

ஆற்றில் வெள்ளம் வந்த அந்த வாரம் சித்திக்கு ஜுரம் கண்டது. ஆஸ்பத்திரியில் நல்ல வைத்தியந்தான் பார்த்தார்கள். இறங்கவில்லை. தபால் வந்ததா என்று தினமும் கேட்பாள். வரவில்லை என்பேன். “மழைல்லா. கப்பல் பைய வரும்” என்று எனக்கு ஆறுதல் சொல்வாள்.

கடைசி நாள் சாயங்காலம் அவளுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. என் கையைப் பிடித்து இழுத்தாள். தண்ணீர் கேட்கிறாள் என்று குனிந்தேன். என் விரல்களை எடுத்துத் தன் இடது காதுத் துவாரத்துக்குள் வைத்து, “தூங்கு” என்றாள். நான் கையை எடுக்கவில்லை. விடிவதற்குள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள், பள்ளிக்கூட வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. கைக்குழந்தையோடு ஒரு பெண் இறங்கினாள். படம் கட்டியிருந்த பலகை அவள் கக்கத்தில் இருந்தது. என்னைப் பார்த்து, “இங்கன சமையல் செய்யுதவிய எங்கம்மையாக்கும். கூப்பிடுதீயளா?” என்று கேட்டாள்.

படத்தைப் பிரித்துப் பார்த்த அன்றே புறப்பட ஏற்பாடு செய்துவிட்டாளாம். பதில் எழுத வேண்டும் என்றே தோன்றவில்லையாம். குழந்தைக்குச் சளி, புருஷனுக்குக் கடை, தூத்துக்குடிக் கப்பல், எல்லாம் சேர்ந்து கூடிவர மூன்று வாரம் ஆகிவிட்டது. என் பழக்கப்படி இதையெல்லாம் பிறகு ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். முதல் படம் ஆடியில் போயிற்று. அதில் காது இருந்திருந்தால் ஆவணியில் வந்து இறங்கியிருப்பாள். ஐப்பசிக் கடைசி வரைக்கும் அவள் தாய் உயிரோடு இருந்தாள்.

நான்தான் அவளைக் கல்லறைக்குக் கூட்டிப்போனேன். ஈர மண் இன்னும் மேடாகவே இருந்தது. அவள் சத்தம் போட்டு அழவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். பிறகு ஒன்று கேட்டாள்.

“எங்கம்மைக்கு அவிய காது பிடிக்காமயா இருந்துது? அதான் மொதப் படத்துல அப்பிடி எழுதச் சொன்னாவளா?”

தாய் தன்னைத்தானே வெறுத்தவள் என்று எண்ணிக்கொண்டு இவள் திரும்பிப் போய்விடலாம். அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

“அவிய சொல்லல. காது எங்கன்னு கேட்டாவ. நாந்தான் குறுக்கினேன்” என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். காற்றில் என் முடி விலகியிருந்தது போலும். தையல் தழும்பைப் பார்த்தாள்.

“ஒங்களுக்கும் வளத்திருந்தாவளா?”

“ஆமா. அறுத்துத் தச்சாச்சு.”

அவள் தன் காதைத் தொட்டுக்கொண்டாள். சின்னக் காது, ஒரு சிறு கம்மல். “எனக்கு வளக்கல. வளக்க எங்கம்ம இல்லல்லா” என்றாள்.

இரண்டாவது படத்தை அவள் கொழும்புக்கே எடுத்துப்போனாள். மண்டபத்துப் பெரிய படத்தை நான் கேட்டு இறக்கி, குட்டைக் காதுகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, தோள்வரை எழுதி மாட்டினேன். பார்த்து எழுத இனி அவள் இல்லாததால் ஞாபகத்திலிருந்து எழுதினேன். புதிதாக வருகிற பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் அதட்டுவதில்லை. அந்தக் காதைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை தூங்கிய கதையைச் சொல்வேன், சிரிப்பு தானாக நின்றுபோகும். நானும் இப்போது முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளித்தான் வாருகிறேன்.

குறை என்று நான் குறித்த அந்த ஒரே இடத்தில்தான் ஒரு மகள் தன் தாயைத் தேடியிருக்கிறாள் என்பதை நினைக்காமல், அதன் பிறகு நான் எந்தப் பெண்ணின் முகத்துக்கு முன்னாலும் தூரிகையை எடுத்ததில்லை.