'திம்பாங்' பெயரைக் கழற்றிய காலை

காப்பார் லோரி யார்டில் மஹ்ஜபீனை எல்லோரும் சிஸ்டம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கிள்ளானில் அத்தா நடத்திய சாப்பாட்டுக் கடையில் வளர்ந்தவள். கடைக்கு வரமாட்டேன் என்று கணினி படித்தாள். கடைசியில் ஒரு பழைய யூனிக்ஸ் இயந்திரத்துக்கு வாழ்க்கைப்பட்டாள் என்று அம்மா சொல்வாள்.

அன்று எடை போடும் நிரல் புதுப் பதிவெண் லோரிகளை ஏற்க மறுத்தது. வரிசை சாலைவரை நீண்டது. மாற்று நிரல் தயார். ஆனால் உள்ளே டிரைவர் பாசிலின் லோரி பாதிச் சுமையை இறக்கியிருந்தது. பழைய நிரலை நிறுத்தினால் அவருடைய முதல் எடை அழிந்துவிடும். இறக்கியதையெல்லாம் திரும்ப ஏற்ற வேண்டும். மாலை பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் மகளுக்கு நிச்சயம்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணு லா," என்றார் மேனேஜர் நாகையா.

"மாப்பிள்ளை வீட்டுக்கு நீங்க பதில் சொல்றீங்களா பாஸ்?"

நாகையா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வாசல் இயந்திரங்கள், மலாயில் எடை போடுவதைக் குறிக்கும் 'திம்பாங்' என்ற கோப்புப் பெயரைத் திறந்துதான் நிரலை அடையும். அது வெறும் கோப்பு. அதன்மேல் நிரலின் தொடர்பை மாட்டிவைத்தவள் மஹ்ஜபீன். பெயரிலிருந்து மட்டும் அதைக் கழற்றிவிடலாம்.

"கடை போர்ட கழட்டுனா, உள்ள சாப்பிடுறவங்க பாதியில எந்திரிச்சிருவாங்களா? புதுசா வர்றவங்களுக்குத்தான் போர்டு," என்றாள்.

ஒரே கட்டளை. கழன்றது. திரையில் பாசிலின் லோரி அப்படியே இருந்தது.

வாசல் காவலுக்கு நிற்கும் தங்கமணி வாக்கிடாக்கியில் வந்தான்.

"அக்கா, ஸ்கிரீன்ல 'சோறு தின்னாச்சா'ன்னு கேக்குது."

மஹ்ஜபீன் நாக்கைக் கடித்தாள். வேலையில் சேர்ந்த புதிதில் சோதனைக்காக அந்தக் கோப்பில் எழுதிய வரி. இத்தனை வருஷம் நிரலுக்கு அடியில் கிடந்தது.

"மாத்திடுறேன்டா. கொஞ்சம் இரு."

அந்தக் 'கொஞ்சம்' நீண்டது. புது நிரலைப் பெயரில் மாட்டியபோது வாசலில் லோரிகள் மட்டும் நின்றன.

"டிரைவருங்க எங்கடா?"

"இன்னும் தின்னலைன்னு கேண்டீனுக்குப் போயிட்டாங்கக்கா."

கூட்டிவர நாகையா ஓடினார்.

பாசிலின் எடைச்சீட்டு பழைய நிரலிலிருந்தே வந்தது. ஜன்னலில் வாங்கிக்கொண்டவர் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"என்ன புள்ள, ஒருத்தனையும் காணோம்?"

"பசியாறப் போயிருக்காங்க. நீங்க கெளம்புங்கண்ணே, சம்பந்தி வீட்டுல காத்திருப்பாங்க."

லோரி வாசலைத் தாண்டியது. பழைய நிரலில் இனி யாரும் இல்லை. அதை மூடிவிட்டு, போன நாகையாவையும் காணவில்லையே என்று கேண்டீனுக்கு நடந்தாள்.

டிரைவர்களுக்கு நடுவே உட்கார்ந்து அவரும் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஸ்கிரீன் கேட்டுச்சுல்ல," என்றார்.