விட்டுப்போன ஒற்று

அச்சகத்தில் அவரை எல்லோரும் ‘ஒற்று சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். டப்பா, பாட்டில், பாக்கெட் மேல் ஒட்டுகிற லேபிள்களில் எழுத்துப்பிழை பார்ப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாகச் சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். ஒரு ‘க்’ விட்டுப்போனால் போதும், யாரோ சட்டைப்பையில் கைவிட்டதுபோல் துள்ளுவார். கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை யார் என்று பார்க்க மாட்டார். ‘திருமணப் பத்திரிகை’யில் ‘ப்’ இருக்கிறதா என்று பார்ப்பார்.

பிழையைக் கண்டால் துள்ளுகிற மனுஷர், வேறு எதைக் கண்டாலும் நடுங்குவார். மூன்று மாதத்துக்கு முன் மனைவிக்கு இதயத்தில் வால்வு மாற்றினார்கள். இரத்தம் உறையாமல் இருக்கத் தினம் ஒரு மாத்திரை. அதன் வேகம் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் போயிற்று. அவள் தும்மினால் இவருக்கு வியர்க்கும். காய் நறுக்கக் கத்தியை எடுத்தால் பின்னாலேயே போய் நிற்பார்.

“நீங்க இப்படிக் காவல் நின்னா, நான் பயத்துலயே போய்ச் சேர்ந்துடுவேன்” என்பாள் அவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு இரண்டு கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தாள். செம்மண் கரைத்த தண்ணீர் மாதிரி ஏதோ இருந்தது.

“என்னது இது?”

“டீங்க. புது மாதிரி. பூவையும் இலையையும் காயவச்சுப் போட்டிருக்காங்க. உடம்புக்கு நல்லதாம்.”

“பால் தீர்ந்துபோச்சுன்னு நேராச் சொல்லிட்டுப் போயேன்.”

அவள் சிரித்தாள். ஈறோரத்தில் சிவப்பாகத் தெரிந்தது. டீயின் நிறமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஒரு வாய் குடித்துப் பார்த்தார். கஷாயத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி.

கை சும்மா இருக்குமா? பாக்கெட்டைத் திருப்பினார். பின்பக்கம் பொடி எழுத்தில் கடைசி வரி: ‘இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போர் இதைத் தவிக்கவும்.’

தவிக்கவுமா! வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ‘தவிர்க்கவும்’ என்பதில் ‘ர்’ போயே போச்சு. எந்த மடையன் இதைப் பார்த்து... சிரிப்பு பாதியிலேயே நின்றது. அந்த வரி யாருக்காக எழுதப்பட்டது என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. அவள் கோப்பையை வாயருகே கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். எட்டித் தட்டிவிட்டார்.

“ஐயோ, என்னங்க இது!”

“எத்தனை நாளாக் குடிக்கிறே?”

“இன்னைக்குத்தான்...”

“உண்மையைச் சொல்லு.”

“புதன்கிழமையிலேர்ந்து. ரெண்டு வேளை. முன்னாடியே சொன்னா பயப்படுவீங்கன்னுதான்...”

“வாயைத் திற.”

பல்லிடுக்கெல்லாம் இரத்தம். முழங்கைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு நீலம் பாரித்திருந்தது. எங்கே இடித்துக்கொண்டாய் என்றால், எங்கேயும் இல்லை என்கிறாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூக்குக்கண்ணாடியைத் தேடினார், அது மூக்கின் மேலேயே இருந்தது. டீ பாக்கெட்டும் கையுமாக டாக்சியில் ஏறியதும் “வேகமாப் போப்பா, மெதுவாப் போப்பா” என்று ஒரே மூச்சில் சொன்னார். டிரைவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு இரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஊசி குத்திய இடத்தில் பஞ்சை மாற்றி மாற்றி வைத்தும் கசிவு நிற்கவில்லை. அவரை வெளியே போகச் சொன்னார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அந்த லேபிள் ஞாபகம் வந்தது. ஆபரேஷன் நடந்த அன்று, இதே பெஞ்சில் இருந்தபோது, அச்சகத்திலிருந்து அதைப் படமெடுத்துப் போனுக்கு அனுப்பியிருந்தார்கள். ‘சார், அவசரம், பார்த்துச் சொல்லுங்க.’ உள்ளே அவள் நெஞ்சைத் திறந்து வைத்திருந்த நேரம். எதிரில் லாரி வந்திருந்தாலும் அவர் கண்ணில் பட்டிருக்காது. பார்த்தார், ‘சரி’ என்று அனுப்பினார். மடையன் யார் என்று தெரிந்துவிட்டது. என் கையாலேயே அவளைக் கொன்றுவிட்டேனோ என்று நினைத்தார். அழக்கூடப் பயமாக இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். அவள் வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள்.

“இரத்தம் ரொம்ப நீர்த்துப்போச்சு” என்றார் டாக்டர். “தலைக்குள்ள கசிஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? மருந்து கொடுத்திருக்கோம். காலையில மறுபடி பார்த்தாத்தான் எதையும் சொல்ல முடியும்.” பிறகு பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தவர் முகம் சுளித்தார். “தவிக்கவுமா? எந்த முட்டாள் இதைச் சரிபார்த்தான்?”

யாரோ தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“நான்தான் டாக்டர்.”

மனைவி பக்கம் திரும்ப அவருக்குத் தைரியம் வரவில்லை. அங்கேயே நின்று முதலாளிக்குப் போன் போட்டார். “அந்த டீ லேபிள்ல தப்பு விட்டுட்டேங்க. கடையில இருக்கிறதையெல்லாம் திருப்பி எடுக்கச் சொல்லணும். ஆமாங்க, இப்பவே.” அந்தப் பக்கம் முதலாளி கத்திய கத்தல் அறை முழுக்கக் கேட்டது. வேலை போய்விடும் என்று தெரிந்தது. கடைசிவரை கேட்டுவிட்டு வைத்தார்.

“ஏங்க” என்று கூப்பிட்டாள் அவள். பக்கத்தில் போனார்.

“கடையில நாலஞ்சு விதம் இருந்துச்சு. ஒவ்வொண்ணாத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இதுல மட்டும்தான் கீழே உங்க அச்சகம் பேரு இருந்துச்சு. கடைசி வரி என்னமோ புரியல, ஆனா நீங்க பார்த்ததாச்சேன்னு எடுத்தேன்.”