கண்ணாடி துடைக்கிற நேரம்

என் அக்கா வைக்கிற பானை அடிப்பிடிக்காது. அதில் அவளுக்கு ஒரு திமிரே உண்டு. பெரிய பானையில் பருப்பு கொதிக்கும்போது மரக்கரண்டியை அடியில் ஓட்டிக்கொண்டே பக்கத்தில் நிற்கிறவனோடு சண்டையும் போடுவாள். கைக்கு ஒரு வேலை, வாய்க்கு ஒரு வேலை. தொழிற்சாலை கேன்டீனில் சமைத்தாள், மாணவர் விடுதியில் சமைத்தாள். கருகல் என்று ஒருத்தன் வாயைத் திறந்தது கிடையாது.

நான் அடுப்பு ரிப்பேர்காரன். இந்த ஊரில் பாதிச் சமையலறை எனக்கு அத்துப்படி. எவள் பானையை எவ்வளவு சுரண்டுகிறாள் என்பது பர்னரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அக்காவின் பர்னரில் துடைக்க ஒன்றும் இருக்காது. "உன்னால என் பிழைப்பே போகுதுக்கா" என்பேன். "அப்ப வேற பொழைப்பப் பாரு" என்பாள்.

இப்போது அவளை ஊரே புகையக்கா என்று கூப்பிடுகிறது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது அவள் வேலை செய்கிற சூப் கடை. முன்னால் மேசைகள், பின்னால் சமையலறை. சமையலறைக்கு ஒரே ஜன்னல். அதுவும் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கும். பின்கதவைத் திறந்தால் ஒரு படி, ஒரு தண்ணீர் டிரம், ஒரு ஆள் நிற்க இடம். இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆள் உள்ளே போக வேண்டும்.

முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் மைக். அவர் காதோடு ரகசியம் சொன்னாலும் பஸ் நிலையத்தில் நிற்கிற டிரைவர் திரும்பிப் பார்ப்பார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். சத்தம்தான் அதிகம்.

வருஷத்துக்கு ஒரு தடவை விளையாட்டு மைதானத்தில் உணவுத் திருவிழா நடக்கும். ஊரில் உள்ள கடைகளெல்லாம் அங்கே கூடாரம் போடும். சில வருஷத்துக்கு முன்னால் அந்தத் திருவிழா அன்றைக்குப் பகலிலேயே காற்றும் மழையும் பிய்த்துக்கொண்டு வந்தது. கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. மைக் ஒரு கம்பத்தைப் பிடித்தார், பரிமாறுகிறவன் ஒரு கம்பத்தைப் பிடித்தான், அக்கா இன்னொரு கம்பத்தைப் பிடித்தாள். கைக்கு எட்டுகிற தூரத்துக்குக் கொஞ்சம் அப்பால் பானை கொதித்துக்கொண்டிருந்தது.

"முதலாளி, அடிப்பிடிக்குது! நான் விடுறேன்."

"விட்டே, கூடாரம் பானை மேலதான் விழும்! பிடி!"

"கருகுது முதலாளி!"

"கருகட்டும்! பிடிம்மா!"

கண்ணெதிரே பானை கருகியது. அவள் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். காற்று அடங்கியதும் ஓடினாள். அடிப்பிடித்தால் சமையல்காரர்கள் செய்கிற வேலை ஒன்று உண்டு. அடியைக் கிளறாமல், மேலே இருப்பதை மட்டும் மெதுவாக வேறு பானைக்கு மொண்டு ஊற்ற வேண்டும். உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டால் கொஞ்சம் வாசம் இழுக்கும். எல்லாம் செய்தாள். கருகல் போனது, புகை வாசம் மட்டும் தங்கிவிட்டது.

நனைந்துபோய் நின்ற கூட்டத்துக்குச் சூடாக எது கிடைத்தாலும் போதும் என்றிருந்தது. குடித்தார்கள், திரும்பவும் வரிசையில் வந்து நின்றார்கள். போனில் சாப்பாட்டைப் படம் பிடித்துப் போடுகிற ஒருத்தன் கோப்பையைத் தூக்கிக் காட்டி, "என்னா புகை வாசம் பாருங்க, இதுதான் இந்த ஊரு சூப்பு" என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான். அந்த வாரமே கடைப் பலகையை அழித்து 'புகை சூப்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார் மைக்.

"கருகல்னு ஒரு வார்த்தை வெளிய வரக்கூடாது, ஆமா. புகைன்னு சொல்லு" என்று அவர் அக்காவிடம் ரகசியமாகச் சொன்னதை நானே சந்து முனையில் நின்று கேட்டேன்.

அன்றையிலிருந்து அவள் தினமும் பானையை அடிப்பிடிக்க வைக்க வேண்டும். சும்மா விட்டுவிட்டால் வந்துவிடும் என்று நினைத்தால் தப்பு. கொஞ்சம் குறைந்தால் புகை வராது. கொஞ்சம் கூடினால் கசந்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை அவள் கைதான். பருப்பு கெட்டியாகி, பொளக் பொளக் என்று சத்தம் மாறுகிற நேரத்தில் கை தானாகக் கரண்டியை எடுத்துவிடும். ஆரம்பத்தில் இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கேஸ் ரெகுலேட்டர் மாற்றப் போனபோது பார்த்தேன்.

"என்னக்கா, உன் கையையே கைது பண்ணி வச்சிருக்க?"

"சிரிக்காதடா. விட்டா கிண்டிடும்."

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சத்தம் மாறியதும் கரண்டியைப் பானை விளிம்பில் குறுக்கே வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்து படிக்குப் போய்விடுவாள். அவள் போட்டிருப்பது தடிமனான கண்ணாடி. ஆவி படிந்து எப்போதும் வெள்ளையாக இருக்கும். அதைக் கழற்றி, ஏப்ரன் நுனியால் ஒரு பக்கம் துடைத்து, மறுபக்கம் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மாட்டிக்கொண்டு உள்ளே வந்தால் சரியாக இருக்கும். கடிகாரம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

சுண்டெலி பொறியில் மாட்டினால் கத்தும். அக்கா கத்தவில்லை, வெளியே போக வழி தேடினாள். பழைய விடுதிக்கே போய் வேலை கேட்டாள். அங்கே இருந்த வார்டன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "அட, புகையக்காவா! வாங்க வாங்க. இங்கயும் அதையே போட்டுடலாம்" என்றார். திரும்பி வந்துவிட்டாள். பிஸ்கட் தொழிற்சாலை கேன்டீனிலும் அதே பேச்சுதான். வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால், அதுவும் இல்லை. விருந்தாளி வந்தால் மாமா வாசலிலேயே அறிவிப்பார், "நம்ம வீட்லயே புகை சூப் இருக்கு, உக்காருங்க!" மாமாவுக்குத் தன் பெண்டாட்டி பிரபலம் என்பதில் அவ்வளவு பெருமை. அவள் தலைமுடியில் ஏறிய புகை வாசம் தலையணையிலும் ஏறிவிட்டதென்று அவருக்குத் தெரியுமோ என்னவோ.

ஒருநாள் என்னிடம் சொன்னாள். "டேய், சுத்தமா ஒரு பானை வச்சு, அதை நாலு பேர் குடிச்சுட்டு நல்லாருக்குன்னு சொல்லணும். சாகறதுக்குள்ள ஒரு தடவ."

"அதெல்லாம் இப்ப எதுக்கு இழுக்குற" என்று அதட்டினேன். ஆனால் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரிச் சமையலறையில் அடுப்பு பார்க்கிறவனும் நான்தான். அங்கே நோயாளிகளுக்குச் சமைக்க ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தபோது அக்காவைச் சொன்னேன். அந்தச் சமையலறைக்குப் பொறுப்பாளராக இருப்பவர் ஒல்லியான மனிதர், அளந்துதான் பேசுவார். அக்காவை நேரில் பார்த்ததும் கேட்டார்.

"ஊரே உங்களைப் புகையக்கான்னுதான் சொல்லுது. எங்க ஆளுங்களுக்குக் கருகல் வாசம் துளிகூட ஆகாதும்மா. புகை இல்லாம உங்களுக்கு வருமா?"

"வருமாவா? புகை இல்லாமதாங்க எனக்கு வரும்."

"வீட்டுச் சட்டில யாரு வேணா வைப்பாங்க. பெரிய பானைல பார்க்கணும்."

ஆஸ்பத்திரிச் சமையலறைக்குள் வெளியாளை விட மாட்டார்கள் என்றும் சொன்னார். கடைசியில் உணவுத் திருவிழா என்று முடிவானது. அங்கே அக்காவுக்கு இரண்டு அடுப்பு. முதல் பானை மைக்குக்கு, இரண்டாவது பானை சுத்தமாக. பகல் சாப்பாட்டு நேரத்துக்கு அவர் வந்து குடித்துப் பார்ப்பார். பிடித்தால் அந்த மாதமே வேலை.

திருவிழா அன்று அக்கா காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். முகத்தில் ஒரு களை. மைக் கேட்டார், "ரெண்டாவது பானை எதுக்கும்மா?"

"கூட்டம் அதிகம் வந்தா கைவசம் இருக்கட்டும்னுதான் முதலாளி."

"அப்படிப் போடு! இதான் புத்தி!" மைதானமே திரும்பிப் பார்த்தது.

முதல் பானையை வழக்கம்போலப் புகைய வைத்து முன்னால் அனுப்பினாள். வரிசை தொடங்கிவிட்டது. இரண்டாவது அடுப்பில் தீயை நானே குறைத்து வைத்துக் கொடுத்தேன். புதுப் பர்னர், நீலமாகச் சீராக எரிந்தது. அக்கா கரண்டியை அடியில் ஓட்டத் தொடங்கினாள். ரொம்ப நாளைக்குப் பிறகு பழைய அக்காவைப் பார்த்தேன். கை கிண்டியது, வாய் பக்கத்துக் கூடாரத்து ஜூஸ்காரனைத் திட்டியது.

"யோவ், உன் மிக்சிய அந்தப் பக்கம் திருப்பு. என் பானை பேசறது எனக்குக் கேட்க மாட்டேங்குது."

"உங்க பானை என்ன பேசுதுக்கா?"

"உன் ஜூஸ்ல பாதி தண்ணின்னு சொல்லுது."

கூட்டத்தில் சிரிப்பு. ஒரு கூடாரத்தில் கேஸ் வாடை என்று என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். ஒரு டியூப் லூசாக இருந்தது, இறுக்கிவிட்டு, கூடாரங்களுக்குப் பின்பக்கமாகவே திரும்பி வந்தேன். அங்கே துணியும் கயிறும் முளைக்குச்சிகளுமாகக் கிடக்கும், கூட்டம் இருக்காது.

எங்கள் கூடாரத்துக்குப் பின்னால் தண்ணீர் டிரம்மில் சாய்ந்தபடி அக்கா நின்றுகொண்டிருந்தாள். கையில் கண்ணாடி.

"என்னக்கா, வெளிய நிக்கிற?"

"கண்ணாடி துடைக்கிறேன்டா." நிம்மதியாகத்தான் சொன்னாள். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் தொடங்கியிருந்தாள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ஏப்ரன் நுனியைப் பிடித்திருந்த விரல்கள் நின்றுவிட்டன.

கண்ணாடியை டிரம் மேலேயே வைத்துவிட்டு, கூடாரத் துணியை விலக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் போவதற்குள் அடுப்பை அணைத்திருந்தாள். கரண்டி பானை விளிம்பில் குறுக்காக, ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. வாசத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கே தெரிந்த வாசம்.

"நான் எப்படா வெளிய போனேன்?" என்று கேட்டாள். "எனக்குத் தெரியவே இல்லடா."

சத்தம் மாறியிருக்கிறது. கை கரண்டியை வைத்திருக்கிறது. கால் நடந்திருக்கிறது. கிண்டாதே கிண்டாதே என்று அவள் தினமும் அடக்கிவந்த கை, கிண்ட வேண்டிய அன்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டது.

மேலாக மொண்டு ஊற்றினாள். உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டாள். கத்தி பலகையில் படபடவென்று அடித்தது. பேச்சுக் கொடுத்தால் அழுதுவிடுவாள் என்று எனக்குப் பயம்.

ஆஸ்பத்திரிக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஓரமாக நின்று கோப்பையை வாங்கினார், முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார், இன்னொரு வாயும் குடித்தார்.

"நல்லா இருக்கும்மா" என்றார். "எனக்கே இன்னொரு கப் வேணும்போல இருக்கு. ஆனா எங்க ஆளுங்களுக்கு ஆகாது. புரியுதில்ல?"

"புரியுதுங்க."

"இன்னொரு தடவ வச்சுப் பார்க்கலாமா?"

அவர் மரியாதைக்குத்தான் கேட்டார். இருந்தாலும் கேட்டாரே. ஆமாம் சொல்லு என்று நான் பின்னாலிருந்து அக்காவின் முழங்கையில் இடித்தேன். அவள் தன் வலது கையைப் பார்த்தாள். ஏதோ அடுத்தவர் கையைப் பார்ப்பதுபோல.

"வேணாங்க. இந்தக் கையை நம்பி நான் எப்படிச் சொல்லுவேன்? அங்க படுத்திருக்கிறவங்க சீக்காளிங்க" என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார். அதற்குள் மைக் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டார். "ரெண்டாவது பானையும் புகையா! அம்மா, நீ தெய்வம்! முன்னால கொண்டா, முன்னால கொண்டா!" வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். அக்காவைப் பார்க்க வேண்டும் என்று யாரோ கத்தினார்கள். மைக் அவள் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். அவள் கண்ணாடி இல்லாமல் நின்றாள். எதிரே இருந்த ஒரு முகமும் அவளுக்குத் தெரிந்திருக்காது.

கண்ணாடியை நான்தான் டிரம் மேலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். ஒரு பக்கம் பளிச்சென்று இருந்தது. ஒரு பக்கம் வெள்ளையாக இருந்தது. அப்படியே மாட்டிக்கொண்டாள்.

போன வாரம் கடை அடுப்பில் தீ சரியாக வரவில்லை என்று கூப்பிட்டார்கள். அடைப்பை எடுத்துவிட்டு நிமிர்ந்தேன். பானையில் பொளக் பொளக் சத்தம். அக்கா கரண்டியைக் குறுக்கே வைத்துவிட்டுப் பின்கதவைத் திறந்தாள். நானும் பின்னாலேயே போனேன். இரண்டு பேர் நிற்க இடம் இல்லை என்பதால் கதவு நிலையில் சாய்ந்துகொண்டேன்.

"வேற எங்கயாவது சொல்லிப் பார்க்கட்டுமாக்கா?"

ஒரு பக்கம் துடைத்தாள். மறுபக்கம் துடைத்தாள். வானம் தெரிகிற இடத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள்.

"தள்ளு" என்றாள். "நேரமாச்சு."

தள்ளி நின்றேன். உள்ளே போனாள்.